வாற்பேத்தை பாசி தின்னும், தொட்டியைக் காக்குமா?

அம்பாறை மாவட்டத்துச் சவளக்கடைப் பக்கம் வளவுக்குள் ஒரு சீமெந்துத் தொட்டியோ சிறு குளமோ வைத்திருப்பவர்களுக்குப் பச்சைத் தண்ணீர் தீராத தலையிடி. தாமரைக்கென்று கட்டிய தொட்டி, வாத்துக்கென்று வெட்டிய குழி, கிணற்றடியில் பயிருக்குத் தண்ணீர் நிறைத்து வைக்கும் தாங்கி, எதுவானாலும் கதை ஒன்றுதான். நிரப்பி இரண்டு மூன்று கிழமைக்குள் சுவரில் வழுக்கல் ஏறும். பிறகு தண்ணீர் பச்சையாகும். அதற்குப் பிறகு இழை இழையாகப் பாசி திரண்டு மேலே மிதக்கும். மருந்து போட மனமில்லாதவர்களுக்கு ஒரு யோசனை கிடைக்கிறது: வட்டையில், அதாவது வயல்வெளியில், ஒரு வாளி வாற்பேத்தை (தமிழ்நாட்டார் தலைப்பிரட்டை என்பார்கள்) அள்ளி வந்து விடுங்கள், அது பாசியைத் தின்று தண்ணீரைத் தெளிய வைக்கும்.

காசு செலவில்லை, நஞ்சு இல்லை, பிள்ளைகளுக்கும் பார்க்க ஆசையாக இருக்கும். இவ்வளவு நல்ல யோசனையை ஏன் கேள்வி கேட்க வேண்டும்? கேட்கத்தான் வேண்டும் என்று நினைக்கிறேன். வாற்பேத்தை பாசி தின்னும் என்பது உண்மை. அதை வாளியில் கொண்டுவந்து விட்டால் தொட்டி தெளியும் என்பது அந்த உண்மையிலிருந்து தானாகப் பிறக்கும் முடிவல்ல. தானாக வரும் தவளையை வளவில் வாழவிட வேண்டும், வட்டையிலிருந்து அள்ளி வரக்கூடாது என்பதே என் நிலைப்பாடு. அதற்கான காரணங்களைச் சொல்வதற்கு முன் இந்த வழக்கத்தின் பலத்தைச் சரியாக எடைபோட வேண்டும். அது சிறிய பலமல்ல.

பெரும்பாலான வாற்பேத்தைகளின் வாயில் கடினமான அலகு ஒன்றும், அதன் மேலும் கீழும் வரிவரியாக நுண்ணிய பற்களும் உண்டு. சுவர், கல், தாமரைத் தண்டு எதன்மேல் ஒட்டிக்கொண்டாலும் அந்தப் பற்களால் அங்குள்ள படலத்தைச் சுரண்டி எடுத்துவிடும். அதன் வயிற்றுத் தோலின் ஊடாகச் சுருள் சுருளாகத் தெரிவது குடல். உடலைவிடப் பல மடங்கு நீளமான அந்தக் குடல் தாவரப் பொருளை மெதுவாகச் செரிப்பதற்கென்றே அமைந்தது. பூச்சி தின்னும் தவளையாக மாறும்போது அதே குடல் சுருங்கிக் குட்டையாகிவிடும். ஆக, வாலோடு இருக்கும் காலம் முழுவதும் மேய்வதே அதன் தொழில்.

அந்த மேய்ச்சலின் அளவை ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மரியன் ஏரியில் வாற்பேத்தை நுழைய முடியாதபடி சில இடங்களை மறைத்து வைத்து ஆராய்ந்த டிக்மன், 1968இல் அதன் முடிவை வெளியிட்டார். மறைப்புக்குள் இழைப்பாசி செழித்தது. வாற்பேத்தை மேய்ந்த வெளியிடத்தில் அது தலையெடுக்கவில்லை. இதைவிடப் பெரிய சான்று பனாமாவில் கிடைத்தது. எல் கோப்பே என்ற மலைப்பகுதிக்கு 2004இல் தவளைகளைக் கொல்லும் பூஞ்சை வந்து சேர்ந்தது. சில மாதங்களில் ஓடைகளில் வாற்பேத்தைகள் அற்றுப்போயின. நோய் வருமுன்பே அங்கே அளவெடுக்கத் தொடங்கியிருந்த விஞ்ஞானிகள், பின்னர் கற்களின் மேல் பாசி தடித்து வளர்ந்ததைப் பதிவு செய்தார்கள். மேயும் உயிர் இல்லாமற் போனால் பாசி கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான நிரூபணம் வேண்டியதில்லை.

ஆனால் தொட்டியில் இருப்பது ஒரே பாசியல்ல. சுவரில் படலமாக ஒட்டியிருப்பது ஒன்று. வாற்பேத்தை அதைச் சுத்தமாகச் சுரண்டும். தண்ணீரோடு கலந்து நின்று அதைப் பச்சையாக்கும் நுண்பாசி இன்னொன்று. சுரண்டும் பல்லால் அதைப் பிடிக்க முடியாது. தண்ணீரை வாயால் இழுத்து வடித்து நுண்பாசியைத் தின்னும் வாற்பேத்தைகளும் இருக்கின்றன. சிறுவாய்த் தவளைக் குடும்பத்தின் கண்ணாடி போன்ற குஞ்சுகள் அப்படிப்பட்டவை. ஆனால் அவை மழைத்தண்ணீர் தேங்கும் குழிகளில் பிறந்து விரைவாக வளர்ந்து வெளியேறுகிறவை. மூன்றாவது, திரண்டு மிதக்கும் இழைப்பாசி. இளம் இழையை வாற்பேத்தை கடிக்கும். கையால் அள்ளும் அளவுக்குத் தடித்த பாயை ஒன்றும் செய்யாது. அதன் அடியில் ஒளிந்துகொள்ளும், அவ்வளவுதான். வீட்டுக்காரர் அதிகம் வருந்துவது பச்சைத் தண்ணீருக்கும் மிதக்கும் பாய்க்கும்தான். வாற்பேத்தை நன்றாகக் கையாள்வதோ அவர் கண்ணில் குறைவாகப் படும் சுவர்ப் படலத்தை. சுவர் சுத்தமாகி, தண்ணீர் பச்சையாகவே கிடக்கும் தொட்டி இந்த முரண்பாட்டின் விளைவு.

தின்றது எங்கே போகிறது என்பது அடுத்த கேள்வி. இந்த யோசனையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் இதைத் தொடுவதேயில்லை. பாசி வளர வெயில் வேண்டும், நைதரசன் வேண்டும், பொசுபரசு வேண்டும். வாற்பேத்தை பாசியைத் தின்று, அதிலிருந்த நைதரசனில் ஒரு பங்கை அமோனியாவாகத் தண்ணீருக்குள்ளேயே விடுகிறது. அது மறுபடியும் பாசிக்கு உரம். வாற்பேத்தை செத்தால் உடலில் சேர்த்துவைத்ததும் அழுகித் தண்ணீருக்கே திரும்பும். வாலை இழந்து, காலூன்றி, தொட்டியை விட்டு வெளியே பாய்கிற தவளைக் குஞ்சு மட்டுமே ஒரு சிறு அளவு உரத்தைத் தண்ணீரிலிருந்து உண்மையில் வெளியே கொண்டுபோகிறது.

இதனால்தான் ஆய்வு முடிவுகள் ஒன்றுக்கொன்று எதிராகத் தெரிகின்றன. இயற்கைக் குளம் ஒன்றை ஆராய்ந்த சீல் என்ற அமெரிக்க ஆய்வாளர், வாற்பேத்தைகள் தண்ணீரில் மிதக்கும் பாசியைக் குறைத்ததாக 1980இல் எழுதினார். பாறைக்குழிகளில் தேங்கிய மழைத்தண்ணீரை ஆராய்ந்த ஒஸ்போன், மக்லாக்லன் இருவரும், வாற்பேத்தைகளின் கழிவு உரமாகிப் பாசி வளர்ச்சியைக் கூட்டியதாக 1985இல் எழுதினார்கள். இரண்டும் சரியாகவே இருக்கலாம். பெரிய குளத்தில் கழிவு பரவும், சேற்றில் அடங்கும், செடிகள் உறிஞ்சும், வளர்ந்த தவளைகள் கரையேறிப் போகும். அடிச்சேறு இல்லாத சிறு குழியில் கழிவு போக வேறு இடமில்லை. நம்முடைய சீமெந்துத் தொட்டி எதற்கு நெருக்கம்? பாறைக்குழிக்குத்தான். அதிலும் ஒரு வாளி வாற்பேத்தையை ஒரே நாளில் கொட்டினால் சுவரிலுள்ள பாசி சில நாட்களில் தீர்ந்துவிடும். பிறகு அவை வாடுவதைக் கண்டு மனமிரங்கிப் பாண் துண்டும் அவித்த கீரையும் போடுவார்கள். அந்தக் கணத்தில் பாசியைக் குறைக்க வந்த ஏற்பாடு பாசிக்கு உரம் போடும் ஏற்பாடாகிவிடுகிறது.

காலக்கணக்கும் இங்கே எதிராக நிற்கிறது. நான் இதையே மிக முக்கியமாகக் கருதுகிறேன். இந்த யோசனை பரவிய வட அமெரிக்காவில் வீட்டுக் குளங்களுக்கென்று விற்கப்படுவது அமெரிக்கப் பெருந்தவளையின் வாற்பேத்தை. குளிர்ப் பிரதேசங்களில் அது ஒரு வருடத்துக்கு மேல், சில இடங்களில் இரண்டு மூன்று வருடங்கள்கூட வாலோடு கிடக்கும். ஒருமுறை வாங்கிவிட்டால் கோடை முழுவதும் மேய ஆள் இருக்கிறது. நமது தேரையின் குஞ்சு ஏறத்தாழ ஒரு மாதத்தில் கரையேறிவிடும். மரத்தவளைக் குஞ்சுக்குச் சில மாதம். அதுவும் எப்போது? அம்பாறைக் கரையில் தவளைகளின் பெரும் இனப்பெருக்கம் வாடைக்காற்றோடு வரும் மாரியில். ஐப்பசியில் முதல் மழை விழுந்த இரவே வட்டை முழுக்கக் கத்தல் எழும். கார்த்திகை, மார்கழியில் ஒவ்வொரு பள்ளத்திலும் வாற்பேத்தை நெளியும். அந்த மாதங்களில் வானம் மூடிக் கிடக்கிறது, மழைத்தண்ணீர் தொட்டியை நிரப்பி வழியவைத்துக் கழுவுகிறது. பாசி அப்போது தானே தளர்ந்துதான் இருக்கும். பாசி பிசாசாக வளர்வது பங்குனிக்குப் பிறகு, மேற்கிலிருந்து கச்சான் காற்று அனலாக வீச, தொட்டித் தண்ணீர் நாளுக்கு நாள் வற்றிச் செறிவாகும் மாதங்களில். அப்போது மாரியில் பிறந்தவை எல்லாம் தவளையாகிப் போயிருக்கும். கல்லோயாத் திட்டத்தின் வாய்க்கால்கள் சிறுபோகத்துக்கும் தண்ணீர் கொண்டுவருவதால் வருடம் முழுவதும் ஓரிரு இனங்களின் குஞ்சுகள் வட்டையில் கிடைக்கத்தான் செய்யும். ஆனால் மாரியில் காணும் பெருக்கம் அப்போது இல்லை. தேவை கூடும் காலத்தில் மேய்கிறவன் இல்லை; மேய்கிறவன் நிறைந்திருக்கும் காலத்தில் தேவை இல்லை.

சரி, கிடைக்கும் காலத்தில் அள்ளி வருகிறோம் என்று வைத்துக்கொள்வோம். வாளிக்குள் வருவது என்ன? கரவாகு வட்டையோ அன்னமலைப் பக்க வயலோ, வரப்போரப் பள்ளத்தில் ஒரே இனத்தின் குஞ்சுகள் மட்டும் இருப்பதில்லை. உலர்வலய வயல்களில் கத்தும் பெருந்தவளை ஒன்று இருக்கிறது. ஹோப்லோபட்ராகஸ் கிராசஸ் என்பது அதன் அறிவியல் பெயர். அதன் வாற்பேத்தை மற்ற வாற்பேத்தைகளையும் நுளம்புக் குடம்பிகளையும் தன் சொந்த இனத்துக் குஞ்சுகளையும் தின்னும் ஊனுண்ணி. ஒரு வாளியில் நாலைந்து அப்படிப்பட்டவை இருந்தால் போதும். பாசி தின்ன வந்தவற்றை அவை தின்று தீர்த்துவிடும். இதே பேரினத்தைச் சேர்ந்த இந்தியப் பெருந்தவளை அந்தமான் தீவுகளுக்கு மீன்குஞ்சு வியாபாரத்தோடு போய்ச் சேர்ந்து, அங்குள்ள தவளைகளின் குஞ்சுகளைத் தின்று பெருகியது கடந்த பத்துப் பதினைந்து வருடத்துச் செய்தி. வாளியில் கலந்து வந்தது யாரும் எண்ணிப்பார்க்காத ஒரு வாற்பேத்தை. விளைவு ஒரு தீவுக்கூட்டத்தின் தலையில்.

வட்டைத் தண்ணீரின் நிலையும் நமக்குத் தெரிந்ததுதான். பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இலங்கையின் மரத்தவளை ஒன்றின் வாற்பேத்தைகளை குளோர்பைரிபொஸ், டைமெத்தோயேட், கிளைபோசேட், புரோப்பனில் என்ற நான்கு வேளாண் நஞ்சுகளில் வைத்துப் பார்த்து 2010இல் எழுதினார்கள். உயிர்தப்பியவற்றில் முதுகெலும்பு வளைந்தவை, உடல் வீங்கியவை, வளர்ச்சி பிந்தியவை இருந்தன. நத்தையிலிருந்து வெளிவரும் ஒட்டுண்ணிக் குடம்பிகள் துளைத்ததாலும் இப்படி ஊனம் வரும் என்று அதே ஆய்வாளர்கள் காட்டினார்கள். வட்டையிலிருந்து வரும் வாளியில் நத்தையும் வரும், அதன் ஒட்டுண்ணியும் வரும், சல்வீனியாவின் ஒரு துணுக்கும் வரும். ஏற்கெனவே நஞ்சில் தளர்ந்த குஞ்சை, குளோரீன் கலந்த குழாய்த் தண்ணீர் நிறைந்த தொட்டியில் போட்டால் மிச்சமும் போய்விடும்.

இங்கே ஒரு எதிர்வாதம் உண்டு, அதை நான் மதிக்கிறேன். உழவு இயந்திரம் போன தடத்தில் தேங்கிய தண்ணீர் வெயிலில் வற்றும்போது, அதற்குள் துடிக்கும் நூற்றுக்கணக்கான வாற்பேத்தைகள் எப்படியும் சாகப்போகின்றனவே, அவற்றை எடுத்து வந்தால் என்ன பாவம்? பாவமில்லை. இடும் முட்டைகளில் மிகச் சிலவே தவளையாகும் என்ற கணக்கில்தான் தேரை ஆயிரக்கணக்கில் மாலை மாலையாக முட்டையிடுகிறது. மிச்சமெல்லாம் கொக்குக்கும் நாரைக்கும் மீனுக்கும் உணவு. வற்றும் குழியிலிருந்து ஒரு பிள்ளை அவற்றைக் காப்பாற்ற விரும்பினால் பத்தடி தள்ளி அதே வட்டையில் தண்ணீர் நிற்கும் வாய்க்காலில் விடட்டும். வட்டைக்கு அந்தத் தவளை வேண்டும். ஐரோப்பியச் சந்தைக்குத் தவளைக்கால் ஏற்றுமதி செய்து வந்த இந்தியா, வயல்களில் தவளை அருகியது கண்டு எழுந்த எதிர்ப்புக்குப் பிறகு 1987இல் அந்த ஏற்றுமதியைத் தடைசெய்தது. வயற்பூச்சியைத் தின்னும் ஓர் உயிரைத் தொட்டி கழுவுவதற்கு எடுப்பது கமக்காரனின் கணக்கில் நட்டம்.

இத்தனை குறையும் பாசியைப் பற்றியது. நுளம்பைப் பற்றிப் பேசினால் தராசு மறுபக்கம் சாய்கிறது. பேராதனையிலிருந்தே வந்த இன்னோர் ஆய்வு 2013இல் வெளியானது. டெங்கைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பின் முட்டைகளை வாற்பேத்தைகள் தின்கின்றன என்பதே அதன் கண்டுபிடிப்பு. பல இனங்களைச் சோதித்ததில் மரத்தவளையின் குஞ்சு முன்னணியில் நின்றது. 2017இல் நாடு முழுவதும் 186,000க்கு மேற்பட்டோருக்கு டெங்கு என்று பதிவாகி, நானூறுக்கு மேற்பட்டோர் இறந்த பிறகு இந்தச் செய்தியை நாம் கவனமாகப் படித்திருக்க வேண்டும். கல்முனைப் பகுதிக்கு டெங்கு உச்சம் தொடுவது மாரியும் அதை ஒட்டிய மாதங்களும். வாற்பேத்தையின் காலமும் அதுவே. பாசியோடு பொருந்தாத காலக்கணக்கு நுளம்போடு பொருந்துகிறது.

இனத்தின் பழக்கமும் பொருந்துகிறது. மரத்தவளை தண்ணீருக்குள் முட்டையிடாது. தண்ணீருக்கு மேலே, தொட்டிச் சுவரிலோ சாய்ந்த கிளையிலோ நுரைக்கூடு கட்டி அதற்குள் இடும். சில நாளில் குஞ்சுகள் நுரையிலிருந்து கீழே தண்ணீரில் விழும். நமது கிணற்றடித் தாங்கியும் குளியலறைத் தொட்டியும் அதற்குப் பிடித்த இடங்கள். காலையில் அந்த நுரையைக் கண்டு அருவருத்து வாரியலால் தேய்த்துக் கழுவிவிடுகிறோம். ஈடிஸ் முட்டையிடுவதும் அதே சுவரில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே. தண்ணீர் உயர்ந்து முட்டை நனையும்போது சுவரைச் சுரண்டிக்கொண்டு ஒரு வாற்பேத்தை அங்கே இருந்தால் அதுவே பலன். நுளம்புக் குடம்பியும் வாற்பேத்தையும் ஒரே நுண்ணுணவுக்குப் போட்டியிடுவதால், வாற்பேத்தை உள்ள தண்ணீரில் குடம்பி தளர்ந்து வளரும் என்று அவுஸ்திரேலிய ஆய்வுகளும் காட்டியுள்ளன. கோஸ்டாரிக்காவிலும் பனாமாவிலும் பூஞ்சையால் தவளைகள் அழிந்த பிரதேசங்களில் பின்னர் மலேரியா கூடியதென்று 2022இல் ஒரு ஆய்வு வெளியானது.

இதையும் அளவோடு ஏற்க வேண்டும். டெங்கு நுளம்பு அதிகம் பெருகுவது வளவுக் குளத்தில் அல்ல. எறிந்த ரயரில், சிரட்டையில், பீலியில், ஐஸ்கிறீம் கோப்பையில். அங்கே எந்த வாற்பேத்தையும் போகாது. பேராதனை ஆய்வு ஆய்வுகூடத்துக் கண்டுபிடிப்பு. ஒரு ஊரின் நோயாளிகள் குறைந்தார்கள் என்று அது சொல்லவில்லை. 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வளவைப் பார்க்க வரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் "தொட்டியில் வாற்பேத்தை விட்டிருக்கிறேன்" என்பது பதிலாகாது. தண்ணீரில் குடம்பி இருந்தால் அது குற்றமே. சுகாதாரத் துறையினர் நெடுங்காலமாகக் கிணறுகளிலும் தாங்கிகளிலும் விட்டுவரும் கப்பி மீன் வருடம் முழுவதும் இருந்து குடம்பியைத் தின்னும். அந்த வகையில் அது நம்பகமானது. ஆனால் கப்பி விட்ட தொட்டியில் சிறு வாற்பேத்தைக்கு வாழ்வு கடினம். இரண்டில் ஒன்றைத்தான் தேர வேண்டும். திறந்த, தனித்த சீமெந்துத் தாங்கி என்றால் கப்பி. செடியும் சரிவும் உள்ள சிறு குளம் என்றால் தவளைக்கு விட்டுக்கொடுக்கலாம்.

பள்ளிவாசல் ஹவுழில் வாற்பேத்தையை விடவே கூடாது. வுழூச் செய்யும் தண்ணீர் அது. வாயும் மூக்கும் படும் இடத்தில் கழிவும் இறந்த குஞ்சும் இருப்பது சுகாதாரத்துக்கும் ஒவ்வாது, தூய்மைச் சட்டத்துக்கும் ஒவ்வாது. ஷாபிஈ மத்ஹபில் குல்லத்தைன் என்ற அளவுக்குக் குறைந்த தண்ணீரில் இரத்தம் ஓடும் உயிர் செத்துக் கிடந்தால் அது எவ்வளவு பெரிய விடயம் என்பதை இந்தக் கரையில் மத்ரசாவுக்குப் போன பிள்ளையே சொல்லும். குடிநீர்க் கிணற்றுக்கும் இதே விலக்கு. தவளை, தேரைகளின் தோலிலும் கழிவிலும் சல்மனெல்லா இருக்கக்கூடும். தொட்டியில் வாற்பேத்தையோடு விளையாடிய பிள்ளையின் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வைப்பதும் அவசியம். அதே வேளை, மருந்துக்காகத் தவளையைப் பயன்படுத்தலாமா என்று ஒரு வைத்தியர் கேட்டபோது நபிகளார் அதைக் கொல்வதைத் தடுத்தார்கள் என்று அபூதாவூத் தொகுப்பிலுள்ள ஹதீஸ் நம்மிடம் இருக்கிறது. ஒரு தொட்டிக்கு வேலையாளாக ஓர் உயிரைக் கொண்டுவந்து, செங்குத்துச் சுவருக்குள் அடைத்து, நுரையீரல் முளைத்த பிறகு கரையேற வழியின்றி மூழ்கிச் சாகவிடுவது அந்த வழிகாட்டலின் உணர்வுக்கு எவ்வளவு தூரம் என்று யோசிக்க வேண்டும். செங்குத்தான சீமெந்துத் தொட்டிகளில் தவளைக் குஞ்சுகள் கூட்டமாக இறப்பதற்கு இது ஒரு காரணம்.

வளவுக்குள் விட்டது வளவுக்குள்ளேயே நிற்குமா என்ற கேள்வியைச் சவளக்கடைக்காரர் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் கேட்க வேண்டும். மாரி வெள்ளம் கிட்டங்கித் தாம்போதியை மேவிப் பாயும்போது கல்முனைக்கும் சவளக்கடைக்கும் இடையில் வீதி எது, ஆறு எது, வயல் எது என்று பிரித்தறிய முடியாது. 2011 தை மாத வெள்ளத்தை மறந்தவர் இல்லை. அப்படி ஒரு நாளில் ஒவ்வொரு தொட்டியும் வட்டையோடும் களப்போடும் ஒன்றாகிவிடும். கிட்டங்கி ஆற்றை அடைக்கும் ஆற்றுவாழை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுச் செடியாக இலங்கைக்கு வந்தது. 1909இலேயே அதைத் தடுக்க ஒரு கட்டளைச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. சல்வீனியா 1939இல் கொழும்பில் தாவரவியல் படிப்புக்கென்று கொண்டுவரப்பட்டது. பாசி தின்னும் என்று மீன்தொட்டிக்கு விற்கப்பட்ட 'டேங்க் கிளீனர்' மீன் இன்று நாட்டின் ஆறுகளிலும் குளங்களிலும் ஊடுருவி இனமாகிக் கிடக்கிறது. இந்த மூன்றாவது உதாரணம் நம் விடயத்துக்கு மிக நெருக்கம், ஏனென்றால் அதுவும் பாசிக்கென்றே வாங்கப்பட்ட உயிர். உள்ளூர் வாற்பேத்தையை விட்டால் இந்த ஆபத்து குறைவு என்பது உண்மை. ஆனால் 'பாசிக்கு வாற்பேத்தை நல்லது' என்ற பேச்சு வலுத்தால், நாளை யாரோ வெளிநாட்டுக் குஞ்சை விற்பனைக்குக் கொண்டுவருவார். வட அமெரிக்காவில் விற்கும் அந்தப் பெருந்தவளை, உலகின் மிகக் கேடான 100 ஊடுருவி இனங்களின் பட்டியலில் இருக்கிறது. தவளைகளைக் கொல்லும் பூஞ்சையைத் தான் சாகாமல் சுமந்து திரியவும் அதனால் முடியும்.

அப்படியானால் பச்சைத் தண்ணீருக்கு என்ன வழி? வெயிலையும் உரத்தையும் குறைப்பதே வழி. தண்ணீர்ப் பரப்பின் பாதிக்கு மேல் ஆம்பல் இலையோ தாமரை இலையோ மூடியிருந்தால் பாசிக்கு வெளிச்சம் கிடைக்காது. அந்தச் செடிகள் நைதரசனையும் உறிஞ்சும். வேம்பு, முருங்கை இலைகள் விழுந்து அழுகவிடக்கூடாது. ஆட்டுப்பட்டி, கோழிக்கூட்டுப் பக்கமிருந்து மழைத்தண்ணீர் தொட்டிக்குள் ஓடி வராமல் வரம்பு போட வேண்டும். மிதக்கும் பாயை ஒரு தடியில் சுற்றி எடுத்து வெயிலில் காயவைத்து மரத்தடியில் போட்டால், அதிலிருந்த உரம் முழுவதும் தண்ணீரை விட்டு நிலத்துக்குப் போகும். வாற்பேத்தை செய்ய முடியாத வேலையை அந்தத் தடி செய்கிறது. கச்சான் தொடங்குமுன் தொட்டித் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கை வாழையடிக்கு இறைத்துவிட்டுப் புதுத்தண்ணீர் விடுவது அதைவிடப் பலன் தரும். மொத்தத்தையும் ஊற்றிக் கழுவுவது வீண். பாசியைத் தின்னும் நுண்ணுயிர்களும் நீர்த்தெள்ளுகளும் அதோடு போய்விடும்.

இந்த வேலைகளுக்கு நடுவே தவளைக்கு இடமுண்டு. நுரைக்கூடு கண்டால் கழுவாமல் விடுங்கள். தொட்டியின் ஒரு பக்கத்தில் தண்ணீரிலிருந்து விளிம்பு வரை ஒரு தென்னை மட்டையைச் சாய்த்து வையுங்கள், குஞ்சுகள் ஏறிப் போகும். தண்ணீர் நிற்கும் இடங்களில் வாழும் பச்சைத் தவளை வளவுக் குளத்தில் குடியேறினால் அது பெரிய பேறு. பெரும்பாலான தவளைகள் வளர்ந்த பிறகு பூச்சிக்கு மாறிவிடும். இது வளர்ந்த பிறகும் நீர்த்தாவரங்களைக் கணிசமாகத் தின்னும் மிகச் சில இனங்களில் ஒன்று என்பதை இந்திரனில் தாஸ் 1996இல் ஆய்ந்து எழுதினார். தவளை வந்தால் தண்ணீர்ப்பாம்பு வரும், சிலவேளை நாகமும் வரும் என்று வீட்டுப் பெண்கள் அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. குளத்தைச் சுற்றி ஓரிரு முழத்துக்குப் புல்லை வெட்டிக் கற்குவியல் இல்லாமல் வைத்தால் அந்த அச்சம் பெரிதும் குறையும். விறாந்தையை ஒட்டிய தொட்டியானால் தவளையை வரவேற்காமல் வலை போட்டு மூடுவதே சரி.

நம் தண்ணீரில், நம் வெயிலில் இது எப்படி நடக்கிறது என்பதை அளந்து பார்க்க ஒரு பாடசாலை விஞ்ஞானக் கழகத்தால் முடியும். ஒரே அளவான இரண்டு தொட்டிகளை ஒரே கிணற்றுத் தண்ணீரால் ஐப்பசியில் நிரப்பி, ஒன்றை நுளம்பு புகக்கூடிய, தவளை புக முடியாத அகலக்கண் வலையால் மூடி, மற்றதைத் திறந்து விட்டுத் தவளை தானாக வந்து முட்டையிடக் காத்திருக்கலாம். கிழமைக்கொரு முறை ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டை நூலில் கட்டி இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தை அடிமட்டத்தால் அளந்து, சுவர்ப் படலத்தைப் பார்த்தும் குடம்பிகளை எண்ணியும் கொப்பியில் குறித்து, ஆவணி வரை தொடர வேண்டும். மாரியில் இரண்டு தொட்டிக்கும் எவ்வளவு வித்தியாசம், கச்சானில் எவ்வளவு என்பதை அந்தக் கொப்பியே காட்டிவிடும்.